இருட்டிய பின் மேல்தளம்

பெண்கள் இருட்டிய பிறகு மேல்தளத்துக்கு வரக்கூடாது. 1893-ஆம் ஆண்டு, பசிபிக் பெருங்கடலின் நடுவே, ராயல் டார் என்ற பாய்மரக் கப்பலில் இப்படியோர் ஆணை பிறந்தது. ஆணையிட்டவர் கப்பல் தலைவர் அல்லர். வில்லியம் லேன் என்ற பத்திரிகையாளர். ஆணும் பெண்ணும் சமம், உழைப்பவர் அனைவரும் சமம், யாரும் யாருக்கும் எசமான் இல்லாத ஊரொன்றைக் கட்டப்போகிறோம் என்று சொல்லித்தான் அவர் அத்தனை பேரையும் கப்பலேற்றியிருந்தார். பயணத்தின்போது மணமாகாத இளம்பெண்கள் சிலர் மாலுமிகளோடு பழகத் தொடங்கினார்கள். உடனே ஆணை வந்தது.

இலட்சியக் குடியேற்றங்களைப் பற்றி எழுதுகிறவர்கள் பெரும்பாலும் அவை நிலத்தாலும் பணத்தாலும் தலைமைப் போட்டியாலும் கெட்ட கதையைச் சொல்கிறார்கள். அந்தக் கதைகள் உண்மைதான். ஆனால் எனக்கு ராயல் டாரின் மேல்தளத்தைத் தாண்டிப் போக முடியவில்லை. அவர்கள் குடியேறப்போன பராகுவே மண்ணில் ஒரு மரம்கூட வெட்டப்படுவதற்கு முன்பே, சமத்துவம் தன் முதல் சோதனையை அந்தப் பலகைகளின் மேல் சந்தித்துவிட்டது. ஒரு பெண் யாரோடு நின்று பேசலாம் என்பதுதான் அந்தச் சோதனை.

கப்பலில் இருந்தவர்கள் யார் என்று பார்க்க வேண்டும். 1890-இல் ஆஸ்திரேலியத் துறைமுகங்களில் கப்பல் தொழிலாளர்கள் பெரும் வேலைநிறுத்தம் செய்து தோற்றார்கள். அடுத்த ஆண்டு குவீன்ஸ்லாந்தில் செம்மறியாட்டு ரோமம் கத்தரிக்கும் தொழிலாளர்கள் வேலையை நிறுத்தினார்கள். அரசு படையை அனுப்பியது. சங்கத் தலைவர்கள் சிறைக்குப் போனார்கள். இந்த இரண்டு தோல்விகளின் கசப்பில்தான் லேனின் கனவு முளைத்தது. இங்கிலாந்தின் பிரிஸ்டல் நகரில் 1861-இல் பிறந்து, சிறுவயதிலேயே அமெரிக்கா போய், பிறகு பிரிஸ்பேனுக்கு வந்து சேர்ந்தவர் அவர். கால் சற்று ஊனம். குரலில் மயக்கும் ஆற்றல். 'தி வொர்க்கர்' இதழின் ஆசிரியராக அவர் எழுதியதைக் கத்தரிப்புக் கொட்டகைகளில் ஒருவர் வாசிக்க மற்றவர் கேட்டார்கள். சிறைப்பட்டவர்களின் குடும்பங்களுக்குப் பணம் திரட்ட 1892-இல் ஒரு நாவலும் எழுதினார். நெட் என்ற நாட்டுப்புறத் தொழிலாளியும் நெல்லி என்ற தையல்காரப் பெண்ணும்தான் அதன் நாயகனும் நாயகியும். காதலை அறியாத மனிதர் அல்லர் லேன். ஏழைகளின் காதலை வறுமை எப்படி நெரிக்கிறது என்பதை எழுதத் தெரிந்தவர்.

பழைய உலகத்தைத் திருத்த முடியாது, புதிதாக ஒன்றைக் கட்டுவோம் என்று அவர் முடிவு செய்தார். பராகுவே அரசு பெரும் நிலப்பரப்பைக் கொடுக்க முன்வந்தது. குடியேற்றச் சங்கத்தில் உறுப்பினராகச் சேரும் ஆண் 60 பவுண்டு செலுத்த வேண்டும். ஒரு கூலித் தொழிலாளிக்கு அது வாழ்நாள் சேமிப்பு. வீட்டை விற்றுக் கொடுத்தவர்கள் இருந்தார்கள். எல்லோருடைய உழைப்பும் பொது, குழந்தைகளை வளர்ப்பது ஊரின் பொறுப்பு, மிஞ்சும் செல்வம் ஆண் பெண் பேதமின்றி, வயது, பதவி, திறமை எதையும் பாராமல் சமமாகப் பங்கிடப்படும், பெண்ணுக்கும் வாக்கு உண்டு. 1893-இல் இவ்வளவையும் எழுத்தில் வைத்தவர்கள் உலகில் எத்தனை பேர் இருந்திருப்பார்கள்? இதைக் குறைத்து மதிப்பிட எனக்கு மனம் வரவில்லை.

ஜூலை மாதம் சிட்னியிலிருந்து சுமார் 220 பேரோடு ராயல் டார் புறப்பட்டது. 600 டன்னுக்குச் சற்றே குறைந்த கப்பல். ரோமம் கத்தரிப்போர், தச்சர்கள், காட்டு வேலை செய்தவர்கள், தாய்மார், கைக்குழந்தைகள், சில இளம்பெண்கள். தென்கோளத்தில் அது கடும் குளிர்காலம். தென் பசிபிக்கைக் கடந்து, ஹார்ன் முனையைச் சுற்றி, மொண்டேவீடியோ போய்ச் சேர ஏறக்குறைய இரண்டு மாதம். கீழ்த்தளத்தில் ஈரமும் வாந்தி நாற்றமும் குழந்தைகளின் அழுகையும். மேலே காற்று, நட்சத்திரம், பாய்மரக் கயிறுகளில் ஏறி இறங்கும் இளைஞர்கள். இருபது வயதுப் பெண் ஒருத்தி மாலையில் மேலே வந்து நிற்க ஆசைப்படுவதில் என்ன வியப்பு?

அந்த இளைஞர்கள் யார் என்பதில்தான் விஷயம் இருக்கிறது. அவர்கள் கூலிக்குக் கப்பல் ஓட்டுகிறவர்கள். 60 பவுண்டு கட்டாதவர்கள். சத்தியம் செய்து சேராதவர்கள். கப்பலில் இருந்த 220 பேரும் ஏட்டளவில் முதலாளிகள். ராயல் டார் அவர்களுடைய சங்கத்தின் சொந்தக் கப்பல். மாலுமிகளோ அந்தச் சங்கத்திடம் சம்பளம் வாங்குகிறவர்கள். நேற்றுவரை வேலைநிறுத்தத்தில் தோளோடு தோள் நின்ற வர்க்கத்தின் பிள்ளைகள், இன்று ஒரே கப்பலில் உரிமையாளரும் கூலியாளுமாகப் பிரிந்துவிட்டார்கள். மூன்றாண்டுகளுக்கு முன் கப்பல் தொழிலாளர்களின் போராட்டத்துக்காகத் துடித்த கூட்டம் இது. அவர்களில் ஒருவன் தங்கள் பெண்ணோடு பேசியதும் அவன் அந்நியனாகிவிட்டான்.

லேனுக்கு நியாயமே இல்லை என்று நான் சொல்ல மாட்டேன். துறைமுகம் வந்தால் மாலுமி இறங்கிப் போய்விடுவான். வயிற்றில் பிள்ளையோடு ஒரு பெண் அந்நிய மண்ணில் நின்றால் யார் பொறுப்பு? நம்பி ஒப்படைத்த பெற்றோருக்கு என்ன பதில்? இந்தக் கவலை உண்மையானதாகத்தான் இருந்திருக்கும். ஆனால் கவலைப்பட்டவர் ஆணுக்கு எதுவும் விதிக்கவில்லை. பெண்ணுக்கு வாக்குரிமை கொடுத்த சங்கத்தின் தலைவர், பெண்ணின் மாலைப்பொழுதை அவளைக் கேட்காமலே எடுத்துக்கொண்டார். கப்பலில் முணுமுணுப்பு கிளம்பியது. தலைவரின் சொல்லுக்கு எதிரான முதல் முணுமுணுப்புகளில் அதுவும் ஒன்று.

அந்த ஆணை லேனின் மூளையில் புதிதாகத் தோன்றியதும் இல்லை. ஆங்கிலேய அரசு பல பத்தாண்டுகளாக ஆஸ்திரேலியாவுக்கு ஆள் அனுப்பிய குடியேற்றக் கப்பல்களில் மணமாகாத பெண்களைத் தனிப் பகுதியில் வைப்பார்கள். மேற்பார்வைக்கு ஒரு மூத்த பெண்மணி இருப்பார். மாலுமிகளோடு பேசக்கூடாது என்பது அங்கே கண்டிப்பான விதி. ராயல் டாரில் ஏறியவர்களில் பலருடைய தாய்மார் அந்த விதிக்கு அடங்கித்தான் ஆஸ்திரேலியக் கரையைக் கண்டிருப்பார்கள். பழைய உலகத்தைச் சிட்னித் துறைமுகத்திலேயே இறக்கிவிட்டுப் புறப்பட்டதாக நினைத்தவர்களோடு அது சத்தமில்லாமல் கப்பலேறி வந்திருந்தது.

இதற்கு 67 ஆண்டுகளுக்கு முன்னால், வட அமெரிக்காவில் இன்னொரு படகு. ராபர்ட் ஓவன் என்ற ஆலை முதலாளி இந்தியானாவில் நியூ ஹார்மனி என்ற சமத்துவ ஊரைத் தொடங்கினார். 1825 டிசம்பரில் பிட்ஸ்பர்கிலிருந்து விஞ்ஞானிகளும் ஆசிரியர்களும் இளம் மாணவிகளும் ஒரு படகில் ஓஹையோ ஆற்றில் இறங்கினார்கள். பனியில் சிக்கி ஒரு மாதம் உறைந்து கிடந்து, ஜனவரியில் போய்ச் சேர்ந்தார்கள். அடுத்த ஏப்ரலில் ஜெர்மானியப் பிரபு ஒருவர் அந்த ஊரைப் பார்க்க வந்தார். சாக்ஸ்-வைமர் கோமகன் பெர்ன்ஹார்ட். அவர் எழுதிவைத்த குறிப்புகளை நான் பெரிதும் மதிக்கிறேன். பிரபு ஆனதால் வர்க்கத்தின் சிறு அசைவுகளும் அவர் கண்ணுக்குத் தப்பவில்லை. எல்லோருக்கும் ஒரே மாதிரி உடை வகுத்திருந்தார்கள். எல்லோரும் ஒரே கூடத்தில் நடனமாடினார்கள். ஆனாலும் நல்ல குடும்பத்துப் பெண்கள் தங்களுக்குள் ஒதுங்கி நின்றார்கள் என்றும், எளிய உழைப்பாளி இளைஞர்களோடு ஆட அவர்களுக்கு மனமில்லை என்றும் அவர் கவனித்தார். பியானோ முன் உட்கார்ந்து பாடிக்கொண்டிருந்த இளம்பெண் ஒருத்தியிடம் மாடு கறக்கும் முறை இன்று உன்னுடையது என்று சொன்னதும், அவள் கண்ணீர் முட்ட எழுந்து போனதையும் பதிந்திருக்கிறார்.

நியூ ஹார்மனியில் பெண்கள் கோட்டைத் தாண்ட மறுத்தார்கள். ராயல் டாரில் பெண்கள் தாண்ட முனைந்தார்கள், தலைமை மறித்தது. சொத்தைப் பொதுவாக்குவது எப்படி என்று இரண்டு இடத்திலும் பக்கம் பக்கமாக எழுதியிருந்தார்கள். ஒருவர் கையை ஒருவர் பற்றும் இடத்தில் வர்க்கம் என்னவாகும் என்று எந்தப் பக்கத்திலும் எழுதவில்லை. அது தானாகச் சரியாகிவிடும் என்று நம்பியிருக்க வேண்டும். இளையவர்களின் காதல்தான் அந்த நம்பிக்கையை முதலில் சோதித்தது. பெரியவர்கள் கூட்டம் போட்டுத் தீர்மானம் நிறைவேற்றலாம்; இளையவர்கள் அந்தத் தீர்மானத்தை உடம்பால் நம்பிவிடுகிறார்கள். நாம் எல்லோரும் சமம் என்று மேடையில் கேட்ட பெண், கயிறு இழுக்கும் பையனைப் பார்த்துச் சிரித்தாள். அவள் செய்த குற்றம், தலைவரின் பேச்சை அப்படியே எடுத்துக்கொண்டதுதான்.

மொண்டேவீடியோவிலிருந்து ஆற்று நீராவிக் கப்பல், அசுன்சியோனிலிருந்து ரயில், வில்லாரிக்காவிலிருந்து மாட்டு வண்டி. செப்டம்பர் கடைசியில் நிலத்தை அடைந்தார்கள். மூன்று விதிகள் அங்கே காத்திருந்தன: மது தொடக்கூடாது, திருமணம் வாழ்நாள் பந்தம், வெள்ளையர் அல்லாதாரோடு கலக்கக்கூடாது. மூன்றாவது விதியைப் படிக்கும்போது, லேனை மதிக்கும் என் மனம் சுருங்கிப்போகிறது. உலகத் தொழிலாளரை ஒன்றாக்கப் புறப்பட்ட மனிதரின் ஏட்டில் தோலின் நிறத்துக்கு ஒரு வேலி இருந்தது. அவர் இதழ்களில் சீனத் தொழிலாளர்களைப் பற்றி எழுதியதும் அப்படித்தான்.

அந்த வேலி போடப்பட்ட நாடு எது என்பதையும் யோசிக்க வேண்டும். 1864 முதல் 1870 வரை பிரேசில், அர்ஜென்டினா, உருகுவே ஆகிய மூன்று நாடுகளோடு நடந்த போரில் பராகுவே தன் வயதுவந்த ஆண்களில் பெரும்பாலோரை இழந்திருந்தது. உழுததும் விதைத்ததும் சந்தைக்குச் சுமந்ததும் பெண்கள்தான். நாட்டைத் திரும்ப எழுப்பியதும் அவர்கள்தான். அப்படிப்பட்ட நாட்டில், மணமாகாத ஆண்கள் நிறைந்த ஒரு குடியேற்றத்தைக் கொண்டுபோய் வைத்து, பக்கத்து ஊர்ப் பெண்ணைப் பார்க்காதே என்றார்கள். கப்பலில் பெண்களுக்குப் போட்ட தடை, கரையில் ஆண்களுக்கும் வந்து சேர்ந்தது.

டிசம்பரில் குடித்ததற்காக மூன்று பேரை லேன் வெளியேற்றினார். அதை எதிர்த்து ஏராளமானோர் கூடவே வெளியேறினார்கள். 1894 மே மாதம், தனக்கு உண்மையாக இருந்த அறுபது பேர் அளவிலான கூட்டத்தோடு லேனே பிரிந்து போய், தெற்கே கொஸ்மே என்ற இரண்டாவது குடியேற்றத்தைத் தொடங்கினார். 1899-இல் அதையும் விட்டுவிட்டு நியூசிலாந்து போனார். அங்கே ஒரு பழமைவாத நாளிதழில் எழுதினார், அதன் ஆசிரியருமானார், 1917-இல் இறந்தார். அவர் கதையை இதோடு விடுகிறேன். எனக்குப் பராகுவேயில் மிஞ்சியவர்கள்தான் வேண்டும்.

கொஸ்மேக்கு 1896 ஜனவரியில் தனியாக ஒரு பெண் வந்து சேர்ந்தாள். மேரி கேமரன், வயது 30. சிட்னியில் அரசுப் பள்ளி ஆசிரியை. ஊர் ஊராக வேலை தேடிப்போன உழைப்பாளியின் மகள். படித்து மேலே வந்தவள். நிரந்தரச் சம்பளத்தையும், எழுத்தாளர் நட்பையும், நகரத்தையும் விட்டுவிட்டுக் கூரைக் குடிசைகளும் மண் சுவரும் உள்ள காட்டு ஊருக்குக் குழந்தைகளுக்குச் சொல்லிக்கொடுக்க வந்தாள். மாலையில் ஊர் கூடும். கையால் எழுதப்பட்ட செய்தித்தாள் ஒன்று அங்கே உரக்க வாசிக்கப்படும். மேரி அதிலும் எழுதினாள்.

அங்கே வில்லியம் கில்மோர் இருந்தார். விக்டோரியாவைச் சேர்ந்த ரோமம் கத்தரிக்கும் தொழிலாளி. அவளைவிட ஒரு வயது இளையவர். 1897 மே மாதம் இருவரும் மணந்துகொண்டார்கள். சிட்னியில் இந்தத் திருமணம் நடந்திருக்குமா? நடந்திருக்காது என்றே நினைக்கிறேன். ஆசிரியை ஒரு பக்கம், பருவத்துக்குப் பருவம் கொட்டகை மாறும் கூலிக்காரர் மறுபக்கம். அவர்கள் நடக்கும் தெருவே வேறு. கொஸ்மேயில் அவளுடைய எழுதுகோலுக்கும் அவருடைய கத்தரிக்கும் ஒரே பங்கு. இருவரும் ஒரே சோளத்தை, ஒரே பீன்ஸைத் தின்றார்கள். ஒரே காய்ச்சலில் படுத்தார்கள். லேனின் கனவு ஏதாவது ஒன்றை உண்மையாகச் சாதித்தது என்றால், அது இந்த இருவரும் ஒரே பாதையில் எதிர்ப்பட முடிந்ததுதான்.

1898-இல் மகன் பிறந்தான். அடுத்த ஆண்டே குடியேற்றத்தை விட்டு வெளியேறினார்கள். கையில் காசில்லை. படகோனியாவின் ஆட்டுப் பண்ணைகளில் வில்லியம் ரோமம் கத்தரித்தார். மேரி பண்ணை வீட்டுப் பிள்ளைகளுக்குப் பாடம் சொன்னாள். ஆஸ்திரேலியாவுக்குத் திரும்ப 1902 ஆகிவிட்டது. மேற்கு விக்டோரியாவில் கணவரின் குடும்பத்தோடு பண்ணை வாழ்க்கை. அவளுக்கு மூச்சு முட்டியது. 1908-இல் தொழிலாளர் இதழான 'வொர்க்கர்' பத்திரிகையில் பெண்கள் பக்கம் எழுதத் தொடங்கினாள். 1931 வரை நடத்தினாள். 1912-இல் மகனோடு சிட்னிக்குக் குடிபோனாள். வில்லியம் வடக்கே குவீன்ஸ்லாந்தின் கிளான்கரிக்குத் தம் சகோதரரோடு நிலத்தைத் தேடிப் போனார். அதன்பின் இருவரும் சேர்ந்து வாழவே இல்லை. மணமுறிவும் செய்துகொள்ளவில்லை.

இந்த மணம் தோற்றுவிட்டது என்று சிலர் சொல்வார்கள். மனம் ஒத்துப்போகவில்லை என்று ஒரே வரியில் முடிப்பவர்களும் உண்டு. என் வாசிப்பு வேறு. எழுத்துக்கும் உடல் உழைப்புக்கும் ஒரே மதிப்பு இருந்த ஓர் ஊர் அந்தக் காதலுக்குக் கூரையாக இருந்தது. அந்தக் கூரை பிரிந்து, சந்தை விலையால் அளக்கும் உலகத்துக்குள் அவர்கள் திரும்பியபோது, எழுத்து சிட்னிக்கு இழுத்தது, நிலம் கிளான்கரிக்கு இழுத்தது. இரண்டு பேரில் யாரும் கெட்டவர் இல்லை. வர்க்கம் கடந்த காதலுக்கு இரண்டு நல்ல உள்ளங்கள் இருந்தால் போதும் என்று கதைகள் நம்மை நம்பவைக்கின்றன. அந்தக் காதல் நடமாடுவதற்கு ஓர் ஊரும் வேண்டும். மேரிக்கும் வில்லியமுக்கும் அந்த ஊர் மூன்றாண்டு கிடைத்தது.

வில்லியமும் மகனும் 1945-இல் இறந்தார்கள். மேரி கில்மோர் 97 வயது வரை வாழ்ந்து 1962-இல் மறைந்தார். கவிஞர், தொழிலாளர் வழக்குகளுக்குக் குரல் கொடுத்தவர், பூர்வகுடிகளுக்கு இழைக்கப்பட்ட கொடுமைகளை எழுத்தில் பதிந்தவர். ஆஸ்திரேலியாவின் பத்து டாலர் தாளில் அவர் முகம் இருக்கிறது. அரசு மரியாதையோடு இறுதிச் சடங்கு நடந்தது. அவருடைய சாம்பல் கிளான்கரியில், வில்லியமின் கல்லறையில் வைக்கப்பட்டது. 33 ஆண்டுகள் இரு வேறு ஊர்களில் வாழ்ந்த தம்பதி அவர்கள்.

பராகுவேயில் தங்கிவிட்டவர்களின் கதை இதைவிட நீண்டது. பொதுவுடைமை ஏற்பாடு கலைந்து நிலம் தனித்தனியாகப் பிரிந்தது. நிற வேலியைக் காக்கவும் ஆளில்லாமல் போயிற்று. பிள்ளைகள் வளர்ந்தார்கள். பக்கத்து ஊர்ச் சந்தையில், ஆற்றுத் துறையில், நடனங்களில் பராகுவே இளைஞர்களைச் சந்தித்தார்கள், மணந்தார்கள். ஆங்கிலப் பெயர்களைச் சுமந்த குடும்பங்கள் வீட்டில் குவாரானியும் ஸ்பானியமும் பேசத் தொடங்கின. அவர்களுடைய வழித்தோன்றல்கள் இன்றும் அந்நாட்டில் வாழ்கிறார்கள். லேன் இதைத் தோல்வி என்றிருப்பார். அந்தக் குடியேற்றம் பராகுவே மண்ணுக்குச் செய்த நன்மை இதுதான் என்பேன் நான். சட்டம் போட்டுக் கொண்டுவர முடியாத சமத்துவத்தைப் பெயர் தெரியாத இளம் காதலர்கள் அடுப்படியிலும் தொட்டிலிலும் கொண்டுவந்தார்கள்.

சிட்னியில் தொழிலாளர் மேடைகளில் பேசிய ரோஸ் சம்மர்ஃபீல்ட் என்ற பெண்ணும் அவருடைய கணவர் கடோகனும் 1899-இல் கொஸ்மேயை நம்பி பராகுவேக்கு வந்தார்கள். அவ்வாண்டு அங்கே பிறந்த அவர்களுடைய மகன் லியோன் கடோகன், வில்லாரிக்கா வட்டாரத்தில் குவாரானி பேசி வளர்ந்தார். சிறையில் கிடந்த இம்ப்யா குவாரானிப் பழங்குடி ஒருவரை விடுவிக்க உதவியதன் பிறகு, அந்த மக்கள் வெளியார் காதில் விழவிடாத தங்கள் புனித மரபுப் பாடல்களை அவரிடம் சொன்னார்கள். அவர் அவற்றைத் தொகுத்த 'அய்வு ரப்பிதா' 1959-இல் சாவ் பாவ்லோ பல்கலைக்கழக வெளியீடாக வந்தது. வெள்ளையர் அல்லாதாரோடு கலக்காதே என்று விதித்த குடியேற்றத்தைத் தேடி வந்த தம்பதியின் பிள்ளைதான், குவாரானி மக்களின் படைப்புக் கதைகளை உலகம் அறியக் கொடுத்தவர்.